நிலவறைக்குள் ஒரு குடும்பக் கணக்கு

ஒயின் திருவிழா என்றதும் நம்மில் பலருக்கு ஆட்டமும் பாட்டும் தள்ளாட்டமும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் அப்படிப்பட்ட விழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், மோசெல் ஆற்றங்கரையில் கோடையை ஒட்டி நடக்கும் ‘மித்தோஸ் மோசெல்’ வேறு ரகம். அங்கே கூட்டம் கூடுவது வீடுகளில். ஒயின் தயாரிக்கும் குடும்பங்கள் அந்த வார இறுதியில் தங்கள் முற்றத்தையும் நிலவறையையும் திறந்துவிடுகின்றன. ஒரு டிக்கெட், கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஊர்விட்டு ஊர் போகப் பேருந்து. அவ்வளவுதான் ஏற்பாடு.

கள்ளும் சம்சுவும் குலைத்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘அங்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நான் போன முற்றங்களில் பிள்ளைகள் திராட்சைச் சாறு குடித்துக்கொண்டு ஓடி விளையாடினார்கள். ஒயினைச் சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் இருக்கிறது. துப்புவதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. பத்து வகையைச் சுவைக்க வந்தவர் பத்தையும் விழுங்கினால்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

ட்ரியர் நகரத்திலிருந்து கோப்லென்ஸ் வரை மோசெல் பாம்புபோல் வளைந்து வளைந்து போகிறது. ரோமானியர் காலத்திலிருந்தே இங்கு திராட்சை விளைகிறது. ஒயின் பீப்பாய்களை ஏற்றிய படகு ஒன்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழைமையான அந்தச் சிற்பத்தை ட்ரியர் அருங்காட்சியகத்தில் காணலாம். குளிர் நாட்டில் திராட்சை பழுப்பதற்குக் காரணம் சரிவும் கல்லும்தான். வெயிலைப் பார்த்த மலைச்சரிவில் சிலேட்டுக் கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே விளையும் ரீஸ்லிங் திராட்சையிலிருந்து வரும் இலகுவான வகைகளில் மதுச்சத்து 8 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று கீழே நின்று பார்த்தால்தான் தெரியும். பிரெம் என்ற ஊருக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் மலையில் சில இடங்களில் சாய்வு 60 பாகையைத் தாண்டுகிறது. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரத்தால் ஊர்ந்து ஏறும் சிறு வண்டியில் ஆளும் கூடையும் போய்வர வேண்டும். இறங்கிய பிறகு எல்லாமே கைவேலை. பழைய முறையில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு. இரண்டு கிளைகளை வளைத்துக் கட்டினால் இதய வடிவம் வரும். படம் எடுக்க அழகுதான். ஆனால், ஒரு தோட்டத்தில் அப்படி எத்தனை ஆயிரம் கொடிகளை யார் குனிந்து கட்டுவது?

நான் போன ஒரு வீட்டில் பெரியவர் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனார். வெளியே நல்ல வெயில். படியிறங்கினால் சால்வை தேடும் குளிர். ஆயிரம் லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றை அங்கே ‘ஃபூடர்’ என்கிறார்கள். சுவையைப் பற்றி விரிவுரை வரும் என்று காத்திருந்தோம். அவரோ சுவரில் மாட்டியிருந்த நில வரைபடத்தைக் காட்டினார். குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இல்லை. இங்கொரு துண்டு, அடுத்த வளைவில் ஒரு துண்டு, அக்கரையில் ஒன்று.

காரணம், பாகப்பிரிவினை. பிள்ளைகள் எல்லாருக்கும் நிலத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பது இந்தப் பகுதி வழக்கம். நியாயமான வழக்கம்தான். ஆனால், தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து, நிலம் துணிக் கிழிசல்போல ஆகிவிட்டது. ஊரில் தாத்தா வீட்டுக்கு எத்தனை பங்கு என்று பேசிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியவரின் மகள் கைசன்ஹைமில் ஒயின் தொழில் படிக்கிறாள். 1872இல் தொடங்கி, இத்தொழிலில் பெயர் பெற்ற கல்விக்கூடம் அது. அவள் திரும்பி வருவாள்; ஆனால், ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அந்தச் செங்குத்துத் துண்டை விட்டுவிட வேண்டுமாம். அது அவருடைய தாத்தா நட்டது. “அவள் கணக்கு சரி,” என்றார் பெரியவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 1990களின் தொடக்கத்தில் மோசெல் பகுதியில் 12,000 ஹெக்டருக்கு மேல் திராட்சை இருந்தது. இப்போது 9,000கூட இல்லை. கைவிடப்பட்ட சரிவுகளை முள்செடி மூடிக்கொண்டு வருவதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

இந்தக் குடும்பங்கள் ஏன் கதவைத் திறக்கின்றன என்பது எனக்கு அந்த நிலவறையில்தான் விளங்கியது. பேரங்காடி அலமாரியில் சமவெளி ஒயினும் சரிவு ஒயினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விலைச்சீட்டு மட்டும்தான் கண்ணில் படும். அந்தப் போட்டியில் கைவேலை ஜெயிக்காது. வீட்டுக்கு வந்து, சரிவைப் பார்த்து, பெரியவரின் கையைக் குலுக்கியவர் பேரம் பேசுவதில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதி ஆண்டுதோறும் வருகிறவர்களாம். மகள் சிறுமியாக இருந்தபோதே அவளைத் தெரியுமாம். இரண்டு பெட்டி வாங்கி, தாங்களே காருக்குத் தூக்கிப் போனார்கள்.

திருவிழா நாளில் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்ற வீட்டுக் கடைகள் உண்டு. சொந்த ஒயினை, சாதாரணச் சாப்பாட்டோடு, ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மிகாமல், 40 இருக்கைகளுக்குள் தனி உரிமம் இல்லாமல் விற்கலாம். வாசலில் ஒரு கொத்துத் தழை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். போனால் காலையிலேயே போங்கள். நிலவறைக்குள் இறங்குவதற்கு முன், மேலே இருக்கும் கொடிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். சிலேட்டுச் சில்லுகள் காலடியில் சறுக்கும்.