பிழைக்க வைக்கப்பட்ட நாயகன்

2013இல் வெளியான 'ராஞ்சனா' இந்திப் படத்தில் தனுஷ் ஏற்ற பாத்திரம் கடைசியில் இறந்துபோகும். வாரணாசித் தெருக்களில் சிறுவயதில் தொடங்கும் அந்த ஒருதலைக் காதலுக்கு ஹிமான்ஷு சர்மா எழுதிய முடிவு அது, ஆனந்த் எல். ராய் அப்படித்தான் எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று, அதன் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' மறுபடியும் திரைக்கு வந்தது. இம்முறை நாயகன் மருத்துவமனையில் கண்விழித்து எழுந்தான். ஏ.ஐ. உருவாக்கிய காட்சி அது. இயக்குநரைக் கேட்கவில்லை. தனுஷ் தெரிவித்த ஆட்சேபத்தையும் பொருட்படுத்தவில்லை. உரிமை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம், சட்டப்படி தனக்கு அதிகாரம் உண்டு என்றது. படத்தின் உயிரையே பறித்துவிட்டார்கள் என்று தனுஷ் வெளிப்படையாகவே கண்டித்தார்.

இதன் பின்னால் இருப்பது இன்று திரைத்துறையில் வேகமாக வேர்பிடித்துவரும் ஒரு நம்பிக்கை. திரைக்கதையை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் எங்கே தொய்வு, எங்கே ரசிகர் நெளிவார், எந்த முடிவு ஓடும் என்று சொல்லிவிடும். அதன்படி திருத்தினால் கதை மேம்படும். இது தவறான நம்பிக்கை. கதைக்குக் கேடு செய்யும் நம்பிக்கையும்கூட.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஸ்கிரிப்ட்புக் என்ற நிறுவனம் 2018இல் ஒரு கணக்கைச் சொல்லிப் பலரையும் வியக்கவைத்தது. 2015 முதல் 2017 வரை சோனி வெளியிட்டு நட்டமடைந்த 32 படங்களில் 22ஐத் தன் மென்பொருள் முன்கூட்டியே அடையாளம் கண்டிருக்கும் என்றது. ஓடி முடிந்த படங்களின் மேல் போட்ட கணக்கு இது. எடுக்கப்படாமலே அலமாரியில் கிடக்கும் திரைக்கதைகள் எந்தத் தரவிலும் இல்லை. அவற்றில் எது வென்றிருக்கும் என்று எந்த மென்பொருளும் கற்றிருக்க வழியில்லை.

தமிழ்த் திரையுலகத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பாலாவின் முதல் படமான 'சேது'வைப் பார்த்த விநியோகஸ்தர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒதுங்கினார்கள். காரணம், அந்தச் சோகமான முடிவு. 1999 டிசம்பரில் சென்னையில் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாகத்தான் படம் வெளிவந்தது. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே அது நூறு நாளைத் தாண்டியது. விக்ரம் என்ற நடிகருக்கு வாழ்வு கிடைத்தது. தேசிய விருதும் வந்தது. அன்றைய விநியோகஸ்தர்கள் முட்டாள்கள் இல்லை. பழைய வசூலை வைத்துப் புதிய படத்தை எடைபோட்டார்கள், அவ்வளவுதான். இன்றைய மென்பொருளும் அதே வசூலைத்தான் படித்துவிட்டு வருகிறது. அன்று அது இருந்திருந்தால், நாயகி அபிதாவைப் பிழைக்கவைத்து விக்ரமோடு சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கும்.

கொரியத் தொடரான 'ஸ்குவிட் கேம்' கதையும் இப்படித்தான். ஹ்வாங் டோங் ஹ்யுக் 2009 வாக்கிலேயே எழுதி முடித்தும், நம்பமுடியாத கதை, வன்முறை அதிகம் என்று முதலீட்டாளர்கள் கைவிரித்தார்கள். ஏறக்குறைய பத்தாண்டு கிடப்பில் கிடந்த அந்தக் கதை 2021இல் உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது.

"ஏ.ஐ. துணையோடு எழுதினால் கதை நன்றாக வருகிறதே, ஆய்வே சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது, உண்மைதான். 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் 2024இல் அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 300 பேர் குறுங்கதை எழுதினார்கள். ஏ.ஐ. தந்த யோசனையைப் பயன்படுத்தியவர்களின் கதைகளுக்கு வாசகர்கள் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். குறிப்பாக, கற்பனை வளம் குறைந்தவர்கள் அதிகப் பயன் பெற்றார்கள். ஆனால் அதே ஆய்வின் அடுத்த முடிவை யாரும் மேடையில் சொல்வதில்லை: அந்தக் கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஒருவருக்குக் கிடைத்த லாபம் எல்லோருக்குமான நட்டமாக முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வரும் நான்கு படத்திலும் ஒரே இடத்தில் திருப்பம், ஒரே இடத்தில் கண்ணீர் என்றால், ரசிகர் ஏன் தியேட்டருக்கு வரவேண்டும்?

காட்சிகளைப் பிரித்து அட்டவணை போடவும், கன்டினியூட்டி பிசகைக் காட்டவும் மென்பொருள் உதவட்டும். அது அலுவலக வேலை. நாயகன் சாகவேண்டுமா, பிழைக்கவேண்டுமா என்பது கதையை உணர்ந்தவர் எடுக்கவேண்டிய முடிவு. இயந்திரம் அந்தப் பாத்திரத்துக்காக ஒருநாளும் கலங்கியதில்லை. தவறான முடிவுக்குப் பொறுப்பேற்கப் போவதும் இல்லை.

அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏ.ஐ.யை எழுத்தாளராகக் கருதமுடியாது, ஏ.ஐ. எழுதியதை எழுத்தாளரிடம் தந்தால் அதை நிறுவனம் மறைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. ஆனால் திரைப்படத்துக்கு ஆசிரியர் என்று அந்தச் சட்டம் சொல்வது தயாரிப்பாளரை, இயக்குநரை அல்ல. ஆகவே இயக்குநர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் இனிக் கையெழுத்தாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு வரியைச் சேர்க்கவேண்டும்: எழுதியவர், இயக்கியவர் சம்மதம் இல்லாமல் ஏ.ஐ.யைக் கொண்டு கதையில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது.