கிளட்ச் மாற்றும் காலம்



கிள்ளையில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர், 1,40,000 கிலோமீட்டர் ஓடிய தம் மாருதி ஆம்னி வண்டியைக் குறித்து நம்மிடம் கருத்துக் கேட்டுள்ளார். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா, அன்றி வண்டியையே விற்றுவிட்டுக் கடன் வாங்கிப் புதியதொன்று எடுத்துவிடலாமா என்பது அவரது ஐயம். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுமுன் இதற்கொரு முடிவு வேண்டும் என்பது அவர் துணைவியாரின் அவசரம். அவ்வம்மையாரின் அவசரமே அறிவுடையது என்பது நம் எண்ணம். வாடகைக்கு ஓடாவிடினும், அவ்வீட்டுக்கு அவ்வண்டிதான் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கால்.

கிளட்ச் என்பது என்ன? என்ஜின் நில்லாது சுழல்வது. சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் பணி. என்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் ஒருபுறம். அதனோடு பிணைந்த பிரஷர் பிளேட் மறுபுறம். இடையே உராய்வுப் பூச்சுக் கொண்ட கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டின் வில் நடுப்பிளேட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் வரை என்ஜினின் ஆற்றல் கியர் பாக்ஸுக்குச் செல்லும். நாம் பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கப்பட்டு, ரிலீஸ் பேரிங் வில்லை அழுத்த, பிடி தளர்கிறது. பிடி முழுமையாய் இருக்கையிலும், முழுமையாய் விட்டிருக்கையிலும் பூச்சு பெரிதாய்த் தேயாது. பாதி பிடித்தும் பாதி விட்டும் நிற்கும் நேரத்தில்தான் அது அரைபடுகிறது.

தேய்வின் அறிகுறிகள் மறைவானவை அல்ல. மேல் கியரில் செல்கையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் இரைகிறது, வேகமோ ஏறுவதில்லை. எரிந்த நாற்றம் வருகிறது. பெடல் வெகு உயரத்தில் வந்துதான் வண்டி நகர்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று ஒலி எழுமாயின் அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கின் முறையீடு. ஆயினும் கியர் பாக்ஸைக் கழற்றச் சொல்லுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கேபிளைப் பார்த்தாகிவிட்டதா? பெடலில் சற்றேனும் தொய்வு இல்லையெனில் பிளேட் எப்போதும் பாதிப் பிடியிலேயே நிற்கும். நல்ல பிளேட்டும் வழுக்கும். இங்கோ உப்புக் காற்று. உறைக்குள் துருவேறிய கேபிள் சிக்கிக்கொண்டு கிளட்ச் பழுதுபோல் நடிப்பதுண்டு. சில நூறு ரூபாயில் தீர வேண்டியது ஆயிரங்களை விழுங்கலாகாது.

கேபிள் குற்றமற்றது எனத் தெரிந்தபின் நண்பரின் முதல் வினாவுக்கு வருவோம். பிளேட்டை மட்டும் மாற்றலாமா? கூடாது என்பதே நம் விடை. கடையில் பிளேட்டின் விலையை மட்டும் கேட்டு வந்தவர்கள்தாம் இவ்வாறு கணக்கிடுகின்றனர். வண்டியைத் தூக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, மீண்டும் ஏற்றும் உழைப்பே பெருஞ்செலவு. அவ்வுழைப்பு பிளேட் ஒன்றுக்கும் அவ்வளவே, மூன்று உறுப்புகளுக்கும் அவ்வளவே. 1,40,000 கிலோமீட்டர் அழுந்திய வில்லின்மேல் புதுப் பிளேட்டை வைத்து மூடி, ஆறாம் திங்களில் பேரிங் அலறினால், அதே கூலியை மறுபடியும் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாகப் போடுங்கள். திறந்த வேளையில் ஃபிளைவீலில் வரியோ வெடிப்போ உண்டா எனவும், என்ஜினின் பின் ஆயில் சீல் கசிகிறதா எனவும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கசியும் எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டால் செலவு முழுதும் வீண்.

இவ்விடத்தில் வேறொன்றும் சொல்லியாக வேண்டும். 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பார் பிரேக் கட்டைகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். சரிவில் இறங்கும் வண்டிகளின் சக்கரத்தைத் தடுக்க உழவர்கள் பழைய செருப்பை வைத்ததைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறுவர். ஃபெரோடோ நிறுவனம் அவ்வாறு பிறந்ததே. நம் சென்னைப் பாடியிலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனம் 1974-இல் தொடங்கி, பிரேக் லைனிங்கோடு கிளட்ச் பூச்சுகளும் செய்து வருகிறது. இத்தொழிலில் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயன்பட்ட பொருள் கல்நார். வெப்பம் தாங்கும், விலை குறைவு, ஆனால் அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கி, இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாய் எழும். கல்நார்த் தொழிலாளரின் நலம் குறித்து 1995 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உடல்நலம் காக்கப்படுவது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றது. அத்தீர்ப்பு ஆலையை நோக்கியது. சாலையோரப் பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கியதும், உள்ளே படிந்த கரித்தூளைக் கம்பிரஸர் காற்றால் ஊதித் தள்ளும் பதினெட்டு வயது இளைஞனை எந்த ஆய்வாளரும் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடியவர் வண்டிக்காரராகிய நீங்களே. காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வாங்கும் பிளேட் கல்நார் அற்றது என உறையில் எழுதியுள்ளதா எனப் பாருங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாய் ஆகுமெனில் அதற்கும் கூலி கொடுங்கள். மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவோர் ஓட்டலில் ஐந்நூறு ரூபாயைக் கேளாமல் கொடுப்பதை நாம் பலகால் கண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டு முற்றத்தில் வண்டி மாதக்கணக்கில் நிற்கும் இல்லங்கள் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ளன. ஓடாத வண்டிக்கும் கிளட்ச் பழுதாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் பிரியாது. வாரம் ஒருமுறை யாரேனும் எடுத்துச் சிறிது தூரம் ஓட்டி வருவதே இதற்கு மருந்து.

வேளாங்கண்ணிப் பயணத்துக்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும் என்றோமே, காரணம் இது. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடப் பாலம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று எட்டுப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டி திருவிழா நெரிசலில் அடியடியாய் நகரும். நடந்துவரும் காவியுடைப் பயணியர் சாலையோரமெங்கும் இருப்பர். அங்கே வழுக்கும் கிளட்ச் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டால், பின்னால் வரும் பேருந்துக்கும் பக்கத்தில் நடக்கும் குழந்தைக்கும் அது இடர். நல்ல கிளட்சும் அந்நெரிசலில் பாதிப் பிடியில் வெந்துவிடும். முன்வண்டி நகர்ந்து பத்தடி இடம் விழும்வரை நியூட்ரலில் நில்லுங்கள். ரயில்வே கேட்டிலும் அவ்வாறே, கை பிரேக் போட்டு. ஓடும்போது இடக்காலைப் பெடலின்மேல் சாய்த்து வைப்போர்க்கு 60,000 கிலோமீட்டரிலேயே பிளேட் போய்விடும்; கால் ஒழுங்குள்ளவருக்கு 1,50,000-ம் ஓடும்.

விற்றுவிடலாமா என்பதற்கு, என்ஜின் புகையாமலும் அடித்தளம் துரு அரிக்காமலும் இருந்தால் வேண்டாம் என்போம். ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது உண்மையே. ஆயினும் உதிரிப் பொருள்கள் கிடைக்கின்றன. ஐந்தாண்டு மாதத் தவணைக்குமுன் ஒருமுறைச் செலவு சிறியது. பதிவுச் சான்றிதழின் தேதியை மட்டும் பாருங்கள்: பதினைந்து ஆண்டு நிறைந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அதை நெருங்கும் வண்டியின் அடித்தளம் அரித்திருந்தால் நம் விடை மாறும்.

புதுக் கிளட்ச் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமலும் சீறிப் புறப்படாமலும் ஓட்டுங்கள். பூச்சு படிய வேண்டும். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட்டின் தலை வெளியே தெரிந்தால் உரிய காலத்தில் மாற்றியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கிருந்தால் ஆயில் சீல் மாற்றப்பட்டதா என்று மறுபடியும் கேளுங்கள். பிரஷர் பிளேட்டின் முகம் நீலம் பாய்ந்திருந்தால் யார் கால் பெடலில் கிடந்தது என்று வீட்டில் விசாரியுங்கள். பார்த்து முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள்; சிறுவர் உருட்டி விளையாடக் கொடுக்க வேண்டாம்.