எலும்புக்கூடு படம் வேண்டாமே!

ஜூன் 26 வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் போதை ஒழிப்பு தின ஓவியப் போட்டி அமர்க்களப்படும். 1987-ல் ஐ.நா. சபை அறிவித்த நாள் அது. நல்ல விஷயம்தான். ஆனால், உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன வரைகிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டிலுக்குள் எலும்புக்கூடு, சாக்கடை ஓரம் வேட்டி அவிழ்ந்து கிடக்கும் ஆள், கையில் விலங்கு, பின்னால் ஜெயில் கம்பி!

அதே வகுப்பில், அப்பா தினமும் குடித்துவிட்டு வருகிற பிள்ளை ஒன்றும் உட்கார்ந்திருக்குமே... அது அந்தப் படத்தை எப்படிப் பார்க்கும்?

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துக் குடியை விட்டவரை நான் கண்டதில்லை. வைத்தியரிடம் வரவே கூசுகிறவர்களைத்தான் காண்கிறேன். "வயித்துவலின்னே எழுதிக்குங்க டாக்டர், வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்பார்கள் வீட்டுப் பெண்கள். ஊருக்குத் தெரியாமல், அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கிறவர்களும் உண்டு. பல வருடம் தினமும் மிதமிஞ்சிக் குடித்த உடம்புக்கு இது விபரீதம். சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் பிதற்றல், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தோன்றுவது... உயிரே போகலாம்! அந்த நிலையில் கஷாயம், சூரணம் எல்லாம் பிறகு. முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்பேன். சித்த வைத்தியன்தான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் குடிவெறியை நோய் என்றே பாடம் நடத்தினார்கள். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்துவரும் மனநிலைப் பாதிப்பை மனநோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. மனநல மையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் போட்டோவை அவர் சம்மதம் இல்லாமல் பத்திரிகை, டி.வி.க்குக் கொடுக்கக் கூடாது. கேஸில் மாட்டிய பையனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லையா? 2015-ம் வருட இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, அவன் முகத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'ஷேர்' செய்யும் மாமாக்கள் கவனிக்கவும்!

கைதிகளுக்கு வழக்கமாக விலங்கு மாட்டுவதை 1980-லேயே சுப்ரீம் கோர்ட் கண்டித்தாயிற்று. போஸ்டரில் மட்டும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் முழுச் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். இதை எந்தப் போஸ்டரிலாவது பார்த்தீர்களா?

"அப்ப தப்பை மூடி மறைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அது செய்தியாக வரத்தான் வேண்டும்; காய்ச்சியவரையும் விற்றவரையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதற்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் துடிக்கிறவரின் முகம் எதற்கு? சாராயப் பாக்கெட்டின் படம் போதாதா?

இந்த வருடம் பிள்ளை பென்சிலை எடுத்ததும் பக்கத்தில் உட்காருங்கள். டாக்டர் எதிரே உட்கார்ந்து பேசும் ஒருவரை வரையட்டும். மகளைச் சைக்கிளில் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அப்பாவை வரையட்டும். அடியில் 14446 என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது; பேசக் காசு கிடையாது.