புதைத்த இரும்புக் குழாயும் அதன் மேற்பூச்சும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களின் மலையடிவாரத் தோப்புகளில், கிணற்று நீரைப் பூமிக்கடியில் இரும்புக் குழாய் வழியே கொண்டுசெல்லும் குடியானவர்கள் இன்றும் உளர். பிளாஸ்டிக் குழாய் வந்தபின் இரும்பின் உபயோகம் குறைந்தது மெய்யே. ஆயினும் வண்டிப்பாதையைக் கடக்குமிடத்திலும், மோட்டார் அறையை அடுத்தும், பழைய குடிநீர் வரிசைகளிலும் இரும்பே நிற்கிறது. அது சில வருஷங்களில் பொத்தலானால், இக்காலத்து இரும்பு சரியில்லை என்று கடைக்காரரைக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. குற்றம் பெரும்பாலும் இரும்பினிடத்தில் இல்லை. மேற்பூச்சைச் சோதியாமல் மண்ணைத் தள்ளி மூடும் அவசரத்திலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஈரமண்ணில் இரும்பு துருப்பிடிப்பது மின்சாரத்தின் காரியம். காற்று எளிதிற் புகும் செவலில் கிடக்கும் பாகத்திற்கும், ஈரங்கட்டிக் காற்றுப் புகாத கரிசலில் கிடக்கும் பாகத்திற்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகிறது. கரிசலிலுள்ள பாகமே கரைகிறது. செவலினின்று கண்மாய்க் களிமண்ணுக்கு இறங்கும் குழாய், இறங்கிய இடத்திலேயே முதலில் ஒழுகக்கூடியதன் காரணம் இதுவே. ஓர் ஆம்பியர் மின்சாரம் இரும்பினின்று ஓராண்டு இடைவிடாது வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். தென்னைக்கு இடும் உப்பும் பொட்டாஷ் உரமும் இதற்குத் துணைசெய்கின்றன. மியூரியேட் ஆப் பொட்டாஷில் ஏறக்குறையப் பாதி குளோரைடே. ஆகையால் குழாயை மரத்தின் வட்டப்பாத்தியினின்று விலக்கியே போடவேண்டும்.

ஓட்டை விழுந்த துண்டை வெட்டிப் புதுத்துண்டு இணைத்தால், புதியது பழையதினும் விரைவிற் கெடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். துருவேறிய பழைய இரும்புடன் சேர்ந்த புத்திரும்பே மின்னோட்டத்துக்கு இரையாகிறது. கடைக்காரர்மீது பழி விழுவது இங்குதான், பாவம்!

பூச்சு உண்டு என்றிருப்பதும் போதாது. பூச்சற்ற பழைய வரிசையுடன் இணைந்த புதுக்குழாயின் பூச்சில் நகக்கண்ணளவு காயம் இருப்பினும், அரிப்பு முழுவதும் அவ்வொரு புள்ளியிற் கூடி, ஆணியடித்தாற்போல் துளைத்துவிடும். துருவின் மேலோ ஈரத்தின் மேலோ தடவிய தார் ஒட்டாமல் உப்பி நிற்கும். அதனடியில் நீர் தங்கி, வெளியே தெரியாமல் வேலைசெய்யும். சங்கிலி கட்டி இழுப்பதும், பள்ளத்தில் கல்லோடு மண்ணைக் கொட்டுவதும் பூச்சைக் கீறும். கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலோ, நல்ல பூச்சையும் பிடித்திழுத்துக் கிழிக்க வல்லது.

எனவே இரும்பு பளிச்சிடுமாறு துருவைச் சுரண்டி, உலர்த்தி, முதற்பூச்சிட்டு, அதன்மேல் சூடான தார் பூசித் துணியை ஒன்றின்மேலொன்று படியச் சுற்றவேண்டும். இணைப்புகளை ஒழுக்குப் பார்த்தபின் அவ்வாறே மூடுக. குழாயின் அடிப்பாகத்தையும் பார்த்தல் அவசியம். பெரும்பாலான காயங்கள் கண்ணுக்கெட்டாத அங்கேதான் இருக்கும். பின் சலித்த மண்ணையோ ஆற்று மணலையோ சுற்றிலும் இட்டு மூடலாம். இதற்கு ஆட்களை ஒருநாள் நிறுத்திவைப்பது வீண்கூலி என்பர் சிலர். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் குழாய் ஒழுகி, பயிர் நிற்கும் நிலத்தை மறுபடி தோண்டுவோருக்கு எது வீண்கூலி என்பது தெரியும்.

எத்துணை நேர்த்தியான பூச்சிலும் சிறு குறை தங்கிவிடக்கூடும். அதனாலேயே 1928-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்ற பொறியாளர், எரிவாயுக் குழாய்க்கு வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் முறையைக் கையாண்டார். பிரதானக் குழாய்களுக்கு மெக்னீசியக் கட்டியைக் கம்பியால் இணைத்துப் புதைப்பதும் அவ்வினத்ததே. கட்டி கரையும், குழாய் பிழைக்கும். நமக்கு அண்மையில், 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்பைப்பற்றி ஆராய்ந்து வருகிறது. நீண்ட வரிசை போடும் பஞ்சாயத்துகள் அத்தகைய நிபுணரிடம் முன்னரே யோசனை கேட்பது நலம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: குழாய் செல்லும் வழியைக் கல்நட்டுக் குறித்து வையுங்கள். கம்பி புதைக்கவோ சாலை போடவோ தோண்டுவோரின் கடப்பாரை பட்டால், அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி மறுபூச்சிட்டதைக் கண்ணால் கண்டபின்பே பள்ளத்தை மூட அனுமதியுங்கள்.