காப்பீட்டு அட்டை கையில்... மாத்திரை செலவு தலையில்! சுகர், கிட்னி நோயாளிகள் தவிப்பு

புதுக்கடை:

குமரி மாவட்டம் புதுக்கடை சுற்றுவட்டாரத்தில் ரப்பர் பால்வெட்டு, கொத்தனார் வேலை, மீன்பிடி என அன்றாட கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் ஒருவருக்கு சுகரோ, கிட்னி கோளாறோ வந்தால், "அதான் காப்பீட்டு அட்டை இருக்குல்லா" என்பதே முதல் ஆறுதல். ஆனால் அட்டை எதற்கு உதவாது என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிய வருகிறது.

2009-ல் கலைஞர் காப்பீட்டு திட்டம் வந்தது. 2012-ல் அதன் இடத்தில் முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டம் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசு திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் என்றானது. ஆபரேஷன், டயாலிசிஸ் பட்டியலில் உண்டு. மாதாமாதம் மெடிக்கலில் வாங்கும் மாத்திரை, இன்சுலினுக்கு கிடையாது. தீராத நோயாளிக்கு ஓயாத செலவே அதுதான்.

அடுத்த சிக்கல் வருமான வரம்பு. ரூ.72 ஆயிரமாக இருந்த இது 2022-ல் ரூ.1 லட்சத்து 20 ஆயிரமானது. தினம் ரூ.400 கூலியில் மாதம் 25 நாள் வேலைக்கு போனாலே அந்த தொகை வந்துவிடும். ஒரு ரூபாய் கூடினாலும் அட்டைக்கு வழியில்லை.

தனியார் பாலிசி எடுத்தாலோ, ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன் இது 4 ஆண்டு. நோயை மறைத்து எடுத்தால் கடைசியில் கிளைம் கிடைக்காமல் போகும்.

மாத்திரைக்கு கைகொடுப்பது 2021-ல் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம். சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வரும். அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம். அட்டை இல்லாதவர்கள் வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். படுக்கையில் விழுந்த பிறகு அலைவதைவிட, நடமாடும்போதே வாங்கி வைப்பது நல்லது.