ஒரே பந்தியில் உட்காராத நற்செய்தி

நற்செய்தி என்றால் என்ன என்று கேளுங்கள். இயேசு நம் பாவங்களுக்காக மரித்தார், உயிர்த்தார், நம்புகிறவருக்கு மீட்பு உண்டு என்று மனப்பாடமாகப் பதில் வரும். சரி. தனிக் கல்லறையைப் பற்றி, நம் தெருவுக்குள் வராத தேரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சமூகப் பிரச்சினை தம்பி, விசுவாசத்தோடு கலக்காதே" என்பார்கள்.

கலந்தது நாமல்ல, பவுல். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவர் மீட்பை மறுக்கவில்லை, உயிர்ப்பையும் மறுக்கவில்லை. பந்தி மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதையே நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடத்தை என்று எல்லார் முன்னிலையிலும் பவுல் கண்டித்தார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம், பூசையில் வாசிக்கப்படுவதுதான். முதல் போப்பாண்டவருக்கே அந்தக் கதி என்றால் நம்மூர்த் திருவிழாக் கமிட்டி எம்மாத்திரம்?

தமிழ்நாட்டில் நடந்தது தலைகீழ். 17ஆம் நூற்றாண்டு மதுரை மிஷனில் மேல்சாதிக்கு பிராமண சந்நியாசிக் கோலத்தில் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி. பறையர் வீட்டுக்குள் போய் நோயாளிக்குத் திருவருட்சாதனம் கொடுங்கள் என்று போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறி. 1744இல் கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனிக் குருக்கள்! அதே காலத்தில் நம் ஏலாக்குறிச்சியில் தமிழ் வளர்த்த வீரமாமுனிவரைப் போற்றுகிறோம். போற்றலாம். இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழங்கதை என்பவர்கள் கோட்டப்பாளையத்தைப் பார்க்கட்டும். ஆலத்தியூர் இருக்கும் அரியலூர் மாவட்டத்துக்கும் அந்த ஊருக்கும் ஒரே கும்பகோணம் மறைமாவட்டம்தான். பங்கில் தீண்டாமை, கல்லறையில் பாகுபாடு, திருவிழாவில் ஒதுக்கல் என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. கோர்ட்டுக்குப் போனால் மதவெறியர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று பதறுகிறவர்கள் உண்டு. பவுல் தனியறையில் கூப்பிட்டா பேதுருவைக் கேட்டார்?

இன்னொரு கூத்து. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாம் இன்னும் வெளியே. இதை எதிர்த்து ஆகஸ்ட் 10 அன்று திருச்சபை கருப்பு நாள் அனுசரிக்கிறது. நியாயமான போராட்டம், நானும் போவேன். ஆனால் மதம் மாறியும் சாதி போகவில்லை என்று தில்லிக்குச் சாட்சி சொல்கிற சபை, அந்தச் சாதி தன் கோயிலுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதில்லையே!

வரும் ஆகஸ்ட் 10 அன்று கருப்புக்கொடி பிடிக்கும் ஆயர்கள் கூடவே ஒரு பட்டியலையும் வெளியிடட்டும்: எந்தெந்தப் பங்கில் இரண்டு கல்லறை, எந்தெந்தத் தெருவுக்குத் தேர் போவதில்லை, எந்தத் தேதிக்குள் இரண்டும் மாறும்.