ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன்?

"கொசு எல்லோரையுந்தான் கடித்தது; என் பிள்ளைக்கு மட்டும் ஏன், ஸார்?" என்று ஓர் அம்மாள் என்னைக் கேட்டார். மூளை ஜுரத்தில் கிடந்து எழுந்த அவர் மகன், கற்ற எழுத்துக்களை மறந்து, மீண்டும் 'அ'விலிருந்து தொடங்கியிருக்கிறான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் இவ்வியாதி நமக்குப் புதிதன்று. இந்தியாவில் இதை முதன்முதலாகக் கண்டறிந்தது 1955-இல், வேலூரிலே. நம் திருவண்ணாமலையும் அப்போது அதே வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது.

நெல்வயல் நீரில் பிறக்கும் கொசு, கொக்கு, பன்றி முதலியவற்றிடமிருந்து கிருமியைப் பெற்று, அந்திக்குமேல் மனிதரைக் கடிக்கிறது. கிருமி புகுந்தவர்களுள் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே மூளையில் அழற்சி காண்கிறது. மற்றவர்களிற் பெரும்பாலோர் நோயென்று அறியாமலே தப்புகின்றனர். அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. மூளை தாக்குண்டவர்களிலோ நூற்றுக்கு 30 பேர் வரை இறப்பதுண்டு.

ஆகவே, பெற்றவள்மீது பழியில்லை. ஆனால் எல்லோருக்கும் கடமை உண்டு. இக்கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. தடுக்கும் ஊசி உண்டு. நோய் கண்ட ஜில்லாக்களில் அரசாங்கம் அதை 2006-இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிற்று. அவ்வூசியைத் தவறவிடலாகாது. ஜுரத்துடன் வலிப்போ மயக்கமோ கண்டால், விபூதி பூசிக் காத்திராமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அந்தப் பையன் நேற்று 'ஈ' வரையில் எழுதிக் காட்டினான்.